கோப்புக்குப் பெயரிடுவது யார் வேலை?

இணையத்தில் தமிழ் இலக்கியம் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். யார் எழுதுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், அச்சிதழுக்கு இணைய இதழ் மாற்றாகுமா என்றெல்லாம் விவாதித்து ஓய்ந்திருக்கிறோம். எழுதியது வாசகரின் கண்ணுக்கு எழுத்தாகவே போய்ச் சேருகிறதா என்ற எளிய கேள்வியை மட்டும் நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. அது கணினி தெரிந்தவர்களின் பாடு என்று ஒதுக்கிவிட்டோம். அப்படி ஒதுக்கியதால் ஒரு நல்ல எழுத்தாளரின் கதை ஒன்றை, அநேகமாக என்றைக்குமாக, நான் தொலைத்துவிட்டேன். அதைச் சொல்வதற்கும், அதன் வழியாக நான் வந்தடைந்த கருத்தை நண்பர்கள்முன் வைப்பதற்கும்தான் இந்தக் கட்டுரை.

2002 முதல் 2006 வரை நாங்கள் நால்வர் சேர்ந்து ஓர் இணையச் சிற்றிதழ் நடத்தினோம். மாதம் ஓர் இதழ் என்று தொடங்கி, எல்லாச் சிற்றிதழ்களையும் போலவே முடிந்தபோது ஓர் இதழ் என்று ஆனது. அன்றைக்குப் பலரும் செய்தது போலத் திஸ்கி குறியாக்கத்தில் எழுதினோம். திஸ்கி எழுத்துரு ஒன்றை இறக்கி நிறுவிக்கொள்ளும்படி வாசகருக்கு ஒரு வேண்டுகோள் முகப்பிலேயே இருக்கும். 2007இல் முகப்பையும் உள்ளடக்கப் பக்கத்தையும் மட்டும் ஒருங்குறிக்கு மாற்றினோம். பழைய இதழ்களை மாற்ற நேரம் வாய்க்கவில்லை. அவை அப்படியே கிடந்தன. ஆண்டு வாடகையை மட்டும் தவறாமல் கட்டி வந்தேன்.

அந்த இதழில் ஒன்பது கதைகள் எழுதியவர் ஒருவர். அரசு அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கணினி கற்றவர். காகிதத்தில் எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டு, நேரடியாகத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புவார். அச்சில் அவர் கதை எதுவும் வந்ததில்லை. தாலுகா அலுவலகத்துக் கோப்புகளுக்கும் மனிதர்களுக்கும் இடையிலான உறவை அவரைப்போல் அமைதியாகச் சொன்னவர்களை நான் அதிகம் படித்ததில்லை. 2011இல் காலமானார்.

2019இல் அவருடைய மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்பாவின் கதைகளைத் தொகுத்துச் சிறு நூலாக்க விரும்புவதாகவும், பக்கங்களைத் திறந்தால் எல்லாம் கறுப்புச் சாய்சதுரங்களாகத் தெரிவதாகவும் எழுதியிருந்தார். திறந்து பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு கறுப்புச் சதுரத்துக்குள்ளும் ஒரு வெள்ளைக் கேள்விக்குறி. பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள். இடையிடையே காற்புள்ளிகளும் முற்றுப்புள்ளிகளும் மட்டும் ஒழுங்காக இருந்தன.

பக்கத்தின் தலைப்பகுதியில் அது யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் தமிழ் சரியாகிவிடும் என்று எங்கோ படித்த நினைவு. வாடகை இடத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் கோப்புகளைத் திருத்த ஒரு வசதி உண்டு. ஒன்பது கதைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த வரியைச் சேர்த்து, சேமித்தேன். பக்கங்கள் முன்பு இருந்தது போலவேதான் தெரிந்தன. பலனில்லை என்று விட்டுவிட்டேன். நான் என்ன செய்துவிட்டேன் என்பது மூன்று வாரம் கழித்து, கணினித் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கியபோதுதான் புரிந்தது. சேமிக்கும்வரை கதைகள் உயிரோடு இருந்தன. சேமித்தபோது நானே அவற்றை அழித்திருந்தேன்.

*

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன்.

வாசகரின் உலாவி ஒரு பக்கத்தைக் கேட்டதும், வழங்கி எடுத்த எடுப்பில் பக்கத்தை அனுப்பிவிடுவதில்லை. அதற்கு முன்னால் திரையில் தெரியாத சில வரிகளை அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று, பின்னால் வரப்போகும் பொருள் இன்ன வகை என்று சொல்லும் சீட்டு. உரையா, படமா, ஒலியா, நூலா என்பதை அது சொல்லும். உரை என்றால் எந்தக் குறியாக்கத்தில் அமைந்த உரை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்றும் 'இமேஜ்/ஜேபெக்' என்றும் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு சொற்களாக அமைந்திருக்கும். இதற்கு மைம் வகை என்று பெயர். உலாவி கோப்பின் பெயரை நம்புவதைக் காட்டிலும் இந்தச் சீட்டைத்தான் நம்புகிறது.

மின்னஞ்சலுக்காகப் பிறந்தது இந்த ஏற்பாடு. நதானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 1992 ஜூன் மாதத்தில் இதை வெளியிட்டார்கள். அதுவரை மின்னஞ்சல் என்பது ஏழு பிட் ஆங்கில எழுத்துகளுக்குள் அடங்கியது. படமும் ஒலியும் போகவேண்டும் என்பதோடு, ஆங்கிலமல்லாத மொழிகளும் போகவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. இந்தச் சீட்டு நம்மைப் போன்றவர்களுக்காகவும்தான் உண்டாக்கப்பட்டது. நாம்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் வலைப்பக்கங்களை அனுப்பும் நெறிமுறை இதே சீட்டைத் தனக்கும் எடுத்துக்கொண்டது. ஆனால் 1999இல் வெளியான அந்த நெறிமுறையின் பதிப்பில் ஒரு விதி இருந்தது. உரைக்குக் குறியாக்கம் எதுவென்று சொல்லாவிட்டால் அது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று கொள்க என்பது அந்த விதி. 2014இல்தான் அது நீக்கப்பட்டது. பெயர் சொல்லாதவர்கள் எல்லாரும் பதினைந்து ஆண்டுக் காலம் ஏட்டளவில் ஐரோப்பியர்களாகவே கருதப்பட்டார்கள்.

திஸ்கி அந்த விதியின் நிழலில்தான் வாழ்ந்தது. ஒரு பைட்டில் 256 இடங்கள் உண்டு. முதல் 128இல் ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறியும் அமர்ந்திருக்க, எஞ்சிய பாதியில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருந்த இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். உலாவி அதை ஐரோப்பிய எழுத்து என்றே நினைத்துக் காட்டும். எழுத்துரு அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவிடும். உலாவிக்கும் எழுத்துருவுக்கும் இடையிலான ஒரு நல்லெண்ண ஏமாற்று என்று சொல்லலாம்.

ஒருங்குறியில் யூடிஎஃப்-8 முறைப்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். எந்தப் பைட்டுக்குப் பின் எது வரலாம் என்பதற்குக் கறாரான இலக்கணம் உண்டு. திஸ்கியில் எழுதிய பக்கத்தை யூடிஎஃப்-8 என்று சொல்லி அனுப்பினால் ஏறக்குறைய எல்லாத் தமிழ் எழுத்துகளும் இலக்கணப் பிழையாகிவிடும். பிழை கண்ட இடத்தில் உலாவி அந்தக் கறுப்புச் சாய்சதுரத்தை இடுகிறது. நிறுத்தக்குறிகள் முதல் பாதியில் இருப்பதால் தப்பித்துக்கொள்கின்றன. நான் பார்த்தது அதைத்தான்.

இதற்கு நேரெதிரான கோளாறு நம் எல்லாருக்கும் பழக்கமானது. யூடிஎஃப்-8இல் உள்ள தமிழை ஐரோப்பிய எழுத்து என்று சொல்லி அனுப்பினால், தலையில் சாய்கோடு வைத்த ஓர் ஆங்கில எழுத்து திரும்பத் திரும்ப வரும். தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் முதல் பைட் ஒன்றே என்பதுதான் காரணம். அதைப் பார்த்தாலே 'அடியில் தமிழ் இருக்கிறது' என்று கண்டுகொள்ளலாம். அந்தக் கோலத்திலேயே சேமித்துவிட்டாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு தனி அடையாளம் எஞ்சியிருப்பதால். கறுப்புச் சாய்சதுரம் அப்படியல்ல. அகரத்துக்கும் அதே சதுரம், னகரத்துக்கும் அதே சதுரம். திரையில் காட்டும்வரை அது வெறும் தோற்றம். சேமித்தால் தோற்றமே மூலமாகிவிடும். இதை நான் அறிந்திருக்கவில்லை.

*

பதினேழு ஆண்டுகள் ஒழுங்காகத் தெரிந்த பக்கங்கள் ஏன் திடீரென்று இப்படி ஆயின?

பகிர்வு வழங்கி என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே கணினியில் பல நூறு பேரின் தளங்கள் குடியிருக்கும். வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைக்கு வீட்டுக்காரர் ஒரு பொதுவிதி வைத்திருப்பார். ஆனால் அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருள் குடித்தனக்காரருக்கு ஒரு சலுகை தருகிறது. தன் அடைவுக்குள் 'டாட் எச்டிஆக்ஸஸ்' என்ற பெயரில் ஒரு சிறு உரைக்கோப்பை வைத்து, வீட்டுக்காரர் அனுமதித்த அளவுக்குப் பொதுவிதியைத் தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 'ஆட்-டைப்' என்ற கட்டளையால் இன்ன பின்னொட்டுள்ள கோப்பு இன்ன வகை என்று சொல்லலாம். 'ஆட்-சார்செட்' என்ற கட்டளையால் இன்ன பின்னொட்டுள்ளவை இன்ன குறியாக்கம் எனலாம். 'ஆட்-டிஃபால்ட்-சார்செட்' என்பதற்கு 'ஆஃப்' என்று எழுதினால், 'என் பக்கங்களுக்கு நீயாகக் குறியாக்கம் சொல்லாதே' என்று வழங்கியின் வாயை அடைக்கலாம்.

அந்தக் கடைசி வரியைத்தான் எங்கள் நால்வரில் ஒருவர் 2003இல் எழுதி வைத்திருக்கிறார். வழங்கிகள் எல்லாப் பக்கங்களுக்கும் தாமாகக் குறியாக்கம் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. அப்படிச் சொன்னால் பக்கத்துக்குள் நாம் எழுதும் அறிவிப்பு எடுபடாது. வழங்கியின் சீட்டுக்கே முன்னுரிமை என்று 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 தகுதரமே சொல்லிவிட்டது. நண்பர் அதையெல்லாம் அறிந்து செய்தார். எங்களிடம் சொன்னாரா என்பது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் அப்போது யாருடைய கவிதையை எந்தப் பக்கத்தில் போடுவது என்ற சர்ச்சையில் இருந்திருப்போம். பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளைப் பல மென்பொருள்கள் பட்டியலில் காட்டுவதில்லை. ஆகவே அப்படி ஒரு கோப்பு இருப்பதே பின்னாளில் எனக்குத் தெரியாது.

2019இல் இடம் தந்த நிறுவனம் எங்களை வேறொரு கணினிக்கு மாற்றியது. அங்கே அப்பாச்சிக்குப் பதிலாக எஞ்சின்-எக்ஸ் என்னும் மென்பொருள். அதற்கு 'டாட் எச்டிஆக்ஸஸ்' கோப்பைப் படிக்கும் வழக்கமே இல்லை. கோப்பு அங்கேயேதான் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. புதிய வீட்டின் பொதுவிதி, எல்லாப் பக்கங்களும் யூடிஎஃப்-8 என்பது. நிறுவனத்தின்மேல் குறை சொல்ல நான் விரும்பவில்லை. இன்றைய உலகத்துக்கு அது சரியான பொதுவிதி. எங்கள் பழைய இதழ்கள்தான் விதிவிலக்கு. விதிவிலக்கு என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுடையது.

ஆக, ஒரு கதை தொலைவதற்கு மூன்று அறியாமைகள் வேண்டியிருந்தன. சீட்டு ஒன்று இருப்பதை அறியாதது. அது மாறியதை அறியாதது. சீட்டில் உள்ள பிழையைச் சரக்கில் உள்ள பிழை என்று எண்ணிச் சரக்கைத் திருத்தப் போனது. மூன்றும் என்னுடையவை.

*

இனி என் கருத்துக்கு வருகிறேன். கோப்பின் வகையையும் குறியாக்கத்தையும் சரியாகச் சொல்லி அனுப்புவது பதிப்பாசிரியரின் வேலை. அது தொழில்நுட்ப உதவியாளரின் வேலையோ, வாடகை இடம் தந்தவரின் வேலையோ அல்ல.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. சுவடியில் உள்ள கீறல் ஒன்று, வாசிப்பு இரண்டு மூன்று. எந்த வாசிப்பு என்று முடிவு செய்து, அச்சில் அதை ஐயமின்றி நிறுத்தியவர்தான் பதிப்பாசிரியர். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது உ.வே.சாமிநாதையர் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. கணினிக் கோப்பில் உள்ள பைட்டுகளும் புள்ளியில்லாச் சுவடிதான். அதே பைட் ஒரு குறியாக்கத்தில் தமிழ், இன்னொன்றில் ஐரோப்பிய எழுத்து, மற்றொன்றில் பிழை. எந்த வாசிப்பு என்பதை அதைப் பதிப்பித்தவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? 'கோப்பை ஏற்றிவிட்டேன், என் கடமை முடிந்தது' என்பது, 'சுவடியை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லும் பதிப்பாசிரியரின் பேச்சு.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை அறிவேன்.

முதலாவது, 'நாங்கள் இலக்கியவாதிகள், இந்த எந்திர விவகாரம் எங்களுக்கு எதற்கு' என்பது. தமிழ்ச் சிற்றிதழ் மரபில் இந்தப் பேச்சுக்கு இடமே இருந்ததில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா புத்தகங்களைத் தாமே சுமந்து சென்று விற்றவர். அவருக்குப் பின் வந்த சிற்றிதழ்க்காரர்கள் காகிதத்தின் எடை, அச்செழுத்தின் அளவு, அச்சுக்கோப்பவரின் வழக்கமான பிழைகள் எல்லாம் அறிந்திருந்தார்கள். யாரும் அதை இலக்கியத்துக்குப் புறம்பான வேலையாக நினைக்கவில்லை. மெய்ப்புத் திருத்தத் தெரியாத ஆசிரியர் என்று ஒருவரை நாம் மதித்திருப்போமா? மூன்று வரி எழுதிய ஓர் உரைக்கோப்பு மெய்ப்புத் திருத்தத்தைவிடக் கடினமானதல்ல.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 'இப்போது எல்லாரும் வலைப்பதிவுச் சேவைகளில்தான் எழுதுகிறார்கள். அவர்களே இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள்' என்பது. உண்மைதான், அந்தச் சேவைகள் இருக்கும்வரை. ஜியோசிட்டீஸில் எத்தனை தமிழ்ப் பக்கங்கள் இருந்தன என்பதை அந்தக் காலத்து நண்பர்கள் அறிவார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. சேவை மூடும்போது நம் கைக்கு வருவது வெறும் கோப்புகள். அவற்றைக் கொண்டுபோய் வேறொரு வாடகை வீட்டில் இறக்கும் நாளில் இந்தக் கேள்வி மறுபடி எழும். மேலும், பக்கங்களை மட்டுமா தருகிறோம்? மின்னூல்களும் ஒலிக்கோப்புகளும் தருகிறோம். அவற்றுக்கும் இதே சீட்டுதான்.

மின்னூல் பற்றி ஒரு சிறு அனுபவம். எங்கள் பழைய இதழின் கட்டுரைகளை இபப் நூலாக்கி ஏற்றியபோது, 'நூலைச் சொடுக்கினால் திரை முழுக்கக் குப்பையாக எழுத்து வருகிறது, ஆரம்பத்தில் பிகே என்று இருக்கிறது, யார் இந்த பிகே?' என்று வாசகர் ஒருவர் எழுதினார். அந்த இரண்டு எழுத்தும் ஜிப் கோப்பு முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள். இபப் என்பது உள்ளே ஒரு ஜிப் பொட்டலம். எங்கள் வழங்கிக்கு இபப் என்ற பின்னொட்டே தெரியாது. தெரியாத கோப்பு எதுவானாலும் வெற்றுரை என்று சொல்லி அனுப்புவது பழைய அப்பாச்சியின் வழக்கம். 2012இல் வந்த 2.4 பதிப்பில்தான் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இபப்புக்குரிய வகை 'அப்ளிகேஷன்/இபப்+ஜிப்' என்று ஒரே ஒரு 'ஆட்-டைப்' வரி எழுதியதும் கோளாறு தீர்ந்தது.

அந்த இபப்பின் அமைப்பில் நான் மதிக்கும் ஒரு விஷயம் உண்டு. ஒவ்வோர் இபப் நூலுக்குள்ளும் முதல் கோப்பாக 'மைம்டைப்' என்று ஒன்று இருந்தாக வேண்டும். அதை மட்டும் சுருக்கிக் கட்டக்கூடாது. அதற்குள் இருப்பது மேலே சொன்ன அந்த வகைப்பெயர் மட்டுமே. பொட்டலத்தைப் பிரிக்காமலே, முதல் சில பைட்டுகளைப் பார்த்தே அது நூல் என்று தெரிந்துகொள்ளலாம். நூலின் வடிவத்தை வகுத்தவர்கள் வழங்கியின் சீட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. தன் பெயரைத் தானே சுமந்து செல்லும்படி செய்தார்கள். நம் பக்கங்களுக்கும் நாம் செய்ய வேண்டியது இதுதான்.

எழுத்துருக்களுக்கும் இதே வரலாறு. வாசகர் நிறுவிக்கொள்ளாமலே தமிழ் தெரிய வேண்டும் என்று தொண்ணூறுகளின் இறுதியில் இயங்கு எழுத்துருக்கள் வந்தன. நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு வகை, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகை. நெட்ஸ்கேப்புக்கான கோப்பின் வகையை வழங்கிக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாத தளங்களில் எழுத்துரு வந்தும் தமிழ் தெரியாது. எழுத்துரு என்பது உரை, படம், ஒலி போலத் தனக்கென ஒரு தலைமை வகையைப் பெற்றது 2017இல்தான். அதுவரை அது 'அப்ளிகேஷன்' என்ற பொதுப்பெயரின் கீழ் ஒண்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மறுப்பு, 'எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது' என்பது. புதிதாக எழுதுவதற்கு ஒருங்குறியைத் தவிர வேறொன்றை நினைப்பதே தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. பழையவற்றையும் மாற்றத்தான் வேண்டும். இன்றைய வாசகர் யாரும் திஸ்கி எழுத்துருவை நிறுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் மாற்றியது ஒரு பிரதி, மூலம் வேறு. மாற்றும் மென்பொருளிலும் பிழை வரலாம். சில பக்கங்கள் தாப் குறியாக்கத்தில் இருந்து, நாம் திஸ்கி என்று எண்ணி மாற்றியிருக்கலாம். மூலம் கையில் இருந்தால் திரும்பவும் செய்யலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முன்பு திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தபோது, எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்பதைப் பெயரிட்டே வாசகர்முன் வைத்தது. அந்த ஒழுங்கு நமக்கு முன்னுதாரணம்.

ஆகவே, பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவன இவை. திஸ்கி இதழ்களையும் ஒருங்குறி இதழ்களையும் வெவ்வேறு அடைவுகளில் பிரித்து வையுங்கள். ஒவ்வோர் அடைவுக்கும் அதற்குரிய அறிவிப்பை எழுதுங்கள். வாடகை வீடு மாறும்போது முதல் வேலையாக, புதிய வழங்கி நம் அறிவிப்புக் கோப்பைப் படிக்கிறதா என்று கேளுங்கள், படிக்காது என்றால் அவர்களிடமே அமைத்துத் தரச் சொல்லுங்கள். உலாவியிலேயே, வழங்கி அனுப்பும் சீட்டைக் காட்டும் வசதி இருக்கிறது. ஆண்டு வாடகை கட்டும் நாளிலாவது ஒருமுறை பாருங்கள். எழுத்துரு, குறியாக்கம், அமைப்பு வரிகள் ஆகியவற்றை இதழின் பதிப்புரையிலேயே எழுதி வையுங்கள், அச்சு நூலில் அச்சகத்தின் பெயரைப் போடுவது போல. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கம் விபரீதமாகத் தெரிந்தால் பாருங்கள், படியெடுங்கள், சேமிக்க மட்டும் செய்யாதீர்கள்.

*

ஒன்பது கதைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

எங்கள் மூலக் கோப்புகள் இருந்த கணினி 2008லேயே வன்தட்டு பழுதாகிப் போயிருந்தது. வேறு படி எடுத்து வைக்காதது மன்னிக்க முடியாத சோம்பல். நிறுவனம் வைத்திருந்த காப்புப் படியும் நான் விழித்துக்கொண்ட மூன்று வாரத்துக்குள் அழிந்திருந்தது. ஆறு கதைகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகத்தில் கிடைத்தன. அன்று எங்கள் வழங்கி அனுப்பிய பைட்டுகளை அது அப்படியே வைத்திருந்தது. யாரென்றே அறியாத எங்களுக்காக யாரோ செய்து வைத்த தருமம் அது. இரண்டு கதைகள் ஒரு பழைய வாசகரின் குறுந்தகட்டில் கிடைத்தன. பிடித்த பக்கங்களை அவர் அவ்வப்போது தகட்டில் பதித்து வைப்பாராம். ஒன்பதாவது கிடைக்கவில்லை. உள்ளடக்கப் பக்கம் ஒருங்குறியில் இருந்ததால் தலைப்பு மட்டும் தப்பியது: 'இரவல் குடை'. கதை இருந்த பக்கத்தில் இப்போது நாற்பத்தொரு முற்றுப்புள்ளிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். மேற்கோள் குறிகளைக் கொண்டு உரையாடல் எங்கே வருகிறது என்று கூடச் சொல்லிவிடலாம். யார் என்ன பேசினார்கள் என்பது போய்விட்டது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஒருமுறை மெய்ப்புப் பார்த்த கதை. ஒரு தாசில்தார் குடையைத் திருப்பித் தர மறந்துவிடுகிறார் என்பதைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை.

அவருடைய மகளிடம் நடந்ததை மறைக்காமல் எழுதினேன். 'பரவாயில்லை சார், எட்டாவது கிடைத்ததே' என்று பதில் எழுதினார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைப் படிக்கும் நண்பர்களில் 2002 முதல் 2006 வரையான காலத்தில் இணையத் தமிழ் இதழ்களைச் சேமித்து வைத்தவர்கள் இருக்கக்கூடும். பழைய குறுந்தகடோ, வன்தட்டோ, மின்னஞ்சல் பெட்டியோ உங்களிடம் இருந்தால் ஒருமுறை தேடிப் பாருங்கள். 'இரவல் குடை' என்று தேடினால் கிடைக்காது. திஸ்கியில் அது வேறு பைட்டுகள், உங்கள் கணினிக்கு அது தமிழென்றே தெரியாது. கோப்பின் தேதியைக் கொண்டு தேடுங்கள். கிடைத்தால் திறக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அப்படியே அனுப்புங்கள். இந்தமுறை அதற்குப் பெயரிடுவது என் வேலை.